அடிக்கப்பட்ட ஆடு நிற்காது: கடைசிக்காலக் கூட்டப் பிரசங்கிமாருக்கு ஒரு திறந்த மடல்

கடைசிக்கால எழுப்புதல் கூட்டம், தீர்க்கதரிசன முகாம், ஏழு முத்திரைகள் விசேஷக் கூட்டம் என்று போஸ்டர் ஒட்டி ஊர் ஊராக வந்து பேசுகிற ஊழியக்கார ஐயாமாருக்கும் பாஸ்டர்மாருக்கும், ஸ்தோத்திரம்.

நான் ஊழியக்காரன் இல்லை. வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவனும் இல்லை. உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஓரம் எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. சபை. பத்துப் பதினைந்து வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை நானாக உட்கார்ந்து முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரைக்கும், ஒருமுறை அல்ல நாலைந்து முறை, படிக்க வைத்தது உங்களில் ஒருவருடைய கூட்டம்தான். அதற்கு நன்றி சொல்லிவிட்டே சண்டைக்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் மூன்று நாள் கூட்டம். மைதானம் முழுக்க ட்யூப் லைட், பிளாஸ்டிக் நாற்காலி, மேடைக்குப் பின்னால் ஏழு தலை பத்துக் கொம்போடு மிருகம் நிற்கிற பெரிய ஃப்ளெக்ஸ். எழுபத்து நான்கு வயது அம்மா மூன்று ராத்திரியும் போனாள். முதல் ராத்திரி வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரண்டாம் ராத்திரி வந்து, "ஏல, வலது கையில மிருகத்தோட முத்திரை வாங்கிட்டா பரலோகம் கிடையாதாம்ல" என்றாள். மூன்றாம் ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் காபி கொடுக்கும்போதுதான் பார்த்தேன், கையில் இரண்டு வளையலுக்குப் பதில் ஒன்றுதான் கிடந்தது. முக்கால் பவுன். காணிக்கைக் கவரில் போட்டுவிட்டாளாம். "ஆட்டுக்குட்டியானவர் இயேசு தன்னையே பலியாக் குடுத்தாரு, நீ என்னத்தக் குடுத்தன்னு ஐயா கேட்டாரு, எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாள்.

வளையல் போனது போகட்டும். அது அவள் வளையல், அவள் கொடுத்தாள், அதைத் திருப்பிக் கேட்டு இந்த மடல் இல்லை. அந்த மாதமும் அடுத்த மாதமும் ரேஷன் அரிசி வாங்க அவள் போகவில்லை. ரேகை வைக்கிற மெஷினில் வலது கைப் பெருவிரலை வைக்க வேண்டுமே, அதுதான் காரணம். மூன்றாம் மாதம் நானே கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி என்ன ஏது என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல், "சரி ஆச்சி, இடது கைய வைங்க" என்றான். மெஷின் ஏற்றுக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்தாள். இடது கைக்கு வசனம் இல்லையே! இருபது கிலோ அரிசியும் சீனியும் வாங்கிக்கொண்டு வந்தோம். இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் நானே படிக்க உட்கார்ந்தேன். அந்த மூன்று ராத்திரி என்னென்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிப் பார்த்தேன். நான்கு குதிரைகள், இரத்தமாகிற சந்திரன், வெட்டுக்கிளிகள், பதின்மூன்றாம் அதிகாரத்து மிருகம், பதினாறாம் அதிகாரத்துக் கலசங்கள். ஐந்தாம் அதிகாரம் மட்டும் இல்லை. எப்படி ஐயா அதைத் தாண்டினீர்கள்? ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவர் புஸ்தகத்தைக் கையில் வாங்காவிட்டால் ஆறாம் அதிகாரத்தில் முதல் முத்திரையே உடையாது. குதிரை எங்கிருந்து வரும்? நீங்கள் காட்டுகிற அத்தனை பயங்கரமும் அந்த ஒரு காட்சியின் கொக்கியில்தான் தொங்குகிறது.

அந்தக் காட்சியை உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். சிங்காசனத்தில் இருக்கிறவருடைய வலது கையில் ஒரு புஸ்தகச் சுருள், உள்ளும் புறமும் எழுத்து, ஏழு முத்திரை. பலத்த தூதன் ஒருவன் உரத்த சத்தமாய்க் கேட்கிறான், இதைத் திறக்கப் பாத்திரவான் யார்? கேள்வியைக் கவனியுங்கள். பலவான் யார் என்று கேட்கவில்லை. பலத்துக்கு அங்கே என்ன குறை, கேட்கிற தூதனே பலசாலிதான். தகுதி யாருக்கு, உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. வானத்திலும் பூமியிலும் பூமியின் கீழும் ஒருத்தரும் இல்லை. இந்தத் தரிசனத்தைக் கண்டு எழுதுகிற யோவான் மிகவும் அழுகிறான். மூப்பர்களில் ஒருவன் வந்து, அழாதே, யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயித்துவிட்டார், அவர் திறப்பார் என்கிறான். யோவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிங்கத்தைப் பார்க்கத் திரும்புகிறான். சிங்கம் இல்லை. "அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி" நிற்கிறது.

இந்த "அடிக்கப்பட்ட" என்கிற வார்த்தையில் டவுனில் வளர்ந்த பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பையன், "யார் சார் குச்சியால அடிச்சா?" என்று கேட்டான். நமக்குத் தெரியும் அது என்ன அடி என்று. கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள் என்கிறோமே, கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது கொழுத்த கன்றை அடியுங்கள் என்று தகப்பன் சொல்கிறாரே, அந்த அடி. எங்கள் ஊரில் அசனப் பண்டிகைக்கு, அதாவது சபையார் கூடிச் சாப்பிடுகிற விருந்துக்கு, முந்தின ராத்திரி கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஆடு அடிப்பார்கள். அப்பாவிடம் அப்போது இருபது இருபத்தைந்து செம்மறி இருந்தது, அதில் ஒன்று வருஷா வருஷம் அசனத்துக்குப் போகும். சின்னப் பையனாக ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளாடு ஊரைக் கூட்டும். செம்மறி கத்தாது. கழுத்து அறுபட்டதும் முன்னங்கால் இரண்டும் மடங்கும், அப்புறம் பக்கவாட்டில் சாயும், மணல் இருட்டில் கறுப்பாக நனையும். அவ்வளவுதான். அடித்த ஆடு நிற்காது. யோவான் பார்த்தது நிற்கிறது. அறுபட்ட காயத்தோடு, சிங்காசனத்துக்குப் பக்கத்தில், நாலு காலில் நிற்கிறது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது ஆட்டுக்குட்டியின் ஏழு கொம்பு ஏழு கண்ணைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "காயம் ஆறலயா?" என்றாள்.

ஆறவில்லை. அதுதானே விஷயம். உயிர்த்தெழுந்தவர், மகிமைப்பட்டவர், பரலோகத்தின் நடுவில் நிற்கிறவர், அங்கேயும் காயம் இருக்கிறது. அதை மறைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடும் இல்லை. பாடுகிறவர்களும் அதைச் சொல்லித்தான் பாடுகிறார்கள்: நீர் அடிக்கப்பட்டீர், ஆகையால் பாத்திரர். "அடிக்கப்பட்டும்" பாத்திரர் என்று பாடவில்லை, கவனித்தீர்களா? கொல்லப்பட்டதுதான் தகுதி. காயம்தான் அதிகாரப் பத்திரம்.

இன்னொன்று, இது நம் தமிழுக்கே கிடைத்த கொடை. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ஆறாம் வசனத்தில் ஆட்டுக்குட்டி நிற்கிறது, "அது" ஏழு கொம்புகளை உடையதாயிருந்தது என்று அஃறிணையில் இருக்கும். அடுத்த வசனத்தில் அது நடந்துபோய் புஸ்தகத்தை வாங்குகிற நிமிஷத்தில் "ஆட்டுக்குட்டியானவர் வந்து", "வாங்கினார்" என்று உயர்திணைக்கு, மரியாதைக்கு ஏறிவிடும். ஒரே ஒரு வசன இடைவெளி. ஆடு, ஆண்டவராகிறது. மொழிபெயர்த்தவர்கள் யோசித்துத்தான் செய்தார்களோ, கைப்போக்கில் வந்ததோ, ஆனால் இந்த அதிகாரத்தின் முழு இறையியலும் அந்தத் திணை மாற்றத்தில் இருக்கிறது. கத்தோலிக்கச் சகோதரர்கள் திருப்பலியில் "இறைவனின் செம்மறியே" என்று விளித்து இரக்கம் கேட்கிறார்கள், அதுவும் இதேதான்.

(பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துப் பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-ல் முடித்த பீடப்படம் ஒன்று இருக்கிறது, நடுவில் பலிபீடத்தின் மேல் ஆட்டுக்குட்டி, மார்பிலிருந்து இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது, ஆனால் அது நிற்கிறது. பின்னாட்களில் பூசிய மேல்பூச்சைச் சில வருஷங்களுக்கு முன் சுரண்டி எடுத்தபோது உள்ளே இருந்த பழைய முகம் வெளியே வந்தது. நேராக நம்மைப் பார்க்கிற, கிட்டத்தட்ட மனுஷக் கண். இணையத்தில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் கேலி வரவில்லை.)

சரி, சிங்கத்துக்கு வருவோம், உங்கள் பிரசங்கத்தில் அதுதானே நிறைய. "யூதா ராஜசிங்கம்" என்று மைக் கிழியக் கத்துகிறீர்கள், கீபோர்டு தம்பியும் சேர்ந்து உறுமுகிறான், பிள்ளைகளுக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள், இந்தப் புத்தகத்தில் ஆண்டவர் சிங்கம் என்று சொல்லப்படுவது ஒரே ஒருமுறை. ஆட்டுக்குட்டி என்று 28 முறை. சிங்கம் காதில் விழுந்தது, ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டது. ஏழாம் அதிகாரத்திலும் இதே முறைதான், லட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்று எண்ணிக்கை காதில் விழுகிறது, திரும்பிப் பார்த்தால் ஒருவனும் எண்ணக்கூடாத திரள் கூட்டம். கேட்டதைக் கண்டது திருத்திக்கொண்டே போகிற புத்தகம் இது. சிங்கத்தின் வாய் வேறொருவருக்கு இருக்கிறது, தெரியுமல்லவா? பதின்மூன்றாம் அதிகாரத்தில், மிருகத்துக்கு.

உடனே நீங்கள் ஆறாம் அதிகாரத்துக் கடைசியைக் காட்டுவீர்கள் என்று தெரியும். ராஜாக்களும் ஐசுவரியவான்களும் குகைகளில் ஒளிந்துகொண்டு, மலைகளே எங்கள்மேல் விழுங்கள், "ஆட்டுக்குட்டியானவருடைய கோபத்திற்கு" எங்களை மறையுங்கள் என்று கதறுகிறார்களே. உண்மை. இந்தப் புத்தகத்தில் கோபம் இல்லை, நியாயத்தீர்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நானும் உங்களைப் போலப் பாதிப் புத்தகம்தான் படிக்கிறேன் என்றாகிவிடும். பத்தொன்பதாம் அதிகாரத்தில் குதிரைமேல் வருகிற கிறிஸ்துவின் வஸ்திரம் இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது, ஏசாயா 63-ஐ வைத்து அது சத்துருக்களின் இரத்தம் என்பவர்களும் உண்டு, யுத்தம் தொடங்குவதற்கு முன்னமே தோய்ந்திருக்கிறதே, அது அவருடைய சொந்த இரத்தம் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, சண்டை போட மாட்டேன். ஆனால் அவருடைய பட்டயம் எங்கே இருக்கிறது? வாயில். கையில் இல்லை. பின்னால் வருகிற சேனைக்கு வெண்மையான மெல்லிய வஸ்திரம் உண்டு, ஆயுதம் சொல்லப்படவில்லை. அப்புறம் அந்த ஆறாம் அதிகாரத்துக் கோபம் யார் மேல்? பட்டியலை வாசியுங்கள். ராஜாக்கள், பெரியோர்கள், ஐசுவரியவான்கள், சேனைத்தலைவர்கள் என்றுதான் தொடங்குகிறது. அடிமைகளும் பட்டியலில் உண்டு, மறைக்கவில்லை, ஆனால் கடைசியில். முக்கால் பவுன் வளையல்காரி இராத்தூக்கம் இல்லாமல் கிடக்க வேண்டும் என்று எழுதப்பட்ட பட்டியலாக எனக்குத் தெரியவில்லை.

நான் உண்மையிலேயே அதிர்ந்துபோன இடம் வேறு. எனக்குக் கிரேக்கம் தெரியாது. போனில் உள்ள வேதாகம ஆப்பில் ஒரு சொல்லைத் தட்டினால் அதே மூலச்சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும். "அடிக்கப்பட்ட" என்பதைத் தட்டினேன். ஆட்டுக்குட்டிக்கு வருகிற அதே சொல் ஆறாம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழே கிடக்கிற ஆத்துமாக்களுக்கு வருகிறது, தமிழில் "கொல்லப்பட்டவர்கள்" என்று இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோனிடத்தில் கண்டுபிடிக்கப்படுகிற இரத்தம், பூமியில் கொல்லப்பட்ட அனைவருடைய இரத்தம், அங்கேயும் அதே சொல். அப்புறம் பதின்மூன்றாம் அதிகாரம் மூன்றாம் வசனம்: மிருகத்தின் தலைகளில் ஒன்று சாவுக்கேதுவாய்க் காயப்பட்டிருந்தது, ஆறிவிட்டது. அதே சொல்! மிருகமும் அடிக்கப்பட்டது போலவே வருகிறது. ஆட்டுக்குட்டியைப் பார்த்து நகல் எடுத்த காயம். ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் காயம் சொஸ்தமாகிவிடுகிறது, ஊர் ஆச்சரியப்பட்டு, இந்த மிருகத்தோடு யுத்தம்பண்ண யாரால் முடியும் என்று அதன் பின்னால் போகிறது. அங்கே கேள்வி பலத்தைப் பற்றியதாகிவிட்டது, பாத்திரவான் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பின்னாலேயே இரண்டாம் மிருகம். அதற்கு ஆட்டுக்குட்டிக்கு ஒப்பாக இரண்டு கொம்பு, ஆனால் "வலுசர்ப்பத்தைப்போல் பேசினது". பிற்பாடு இதற்குக் கள்ளத்தீர்க்கதரிசி என்று பெயர் வருகிறது. தோற்றம் ஆட்டுக்குட்டி, பேச்சு சர்ப்பம். பயமுறுத்தி, அற்புதம் காட்டி, சிலையை வணங்க வைக்கிற வேலை அதற்கு. ஐயா, இந்த வசனத்தை வைத்து யாரைத் தேடுகிறீர்கள்? போப்பாண்டவரைத் தேடினீர்கள், ஐரோப்பிய யூனியனைத் தேடினீர்கள். மேடையில் ஒரு கண்ணாடி வைத்தால் தேவலை. கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனால் அழிக்கப் போவதில்லை.

முத்திரை விஷயத்தையும் பேசிவிடுகிறேன், அம்மாவின் பெருவிரலுக்காக. நான் சிறுவனாக இருந்தபோது சோப்புக் கவரில் இருக்கிற பார்கோடுதான் மிருகத்தின் எண்ணான 666 என்றீர்கள். அப்புறம் ஆதார். அப்புறம் தடுப்பூசி. இப்போது கையில் வைக்கிற சிப். ஒவ்வொன்றும் வந்தது, நாமும் வாங்கினோம், நீங்களும் வாங்கினீர்கள், காணிக்கைக்கு க்யூஆர் கோடு வரை மேடையில் ஒட்டியாகிவிட்டது. புத்தகத்தை முதலில் வாங்கிப் படித்த ஏழு சபையாருக்கு, இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று இருந்தவர்களுக்கு, அந்த எண் புரிந்திருக்க வேண்டுமே. "புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்" என்று அவர்களிடம்தானே சொல்லியிருக்கிறது. நேரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதி எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால், 50, 200, 6, 50, 100, 60, 200, சரியாக 666 வருகிறது. அதில் பெயர் 'நேரோன்' என்று இருக்கும், அந்தக் கடைசி 'ன்' எழுத்தை விட்டு லத்தீன் உச்சரிப்பில் எழுதினால் 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது, இரண்டாம் நூற்றாண்டுச் சபைப் பிதா ஐரேனியுவுக்கே இந்த விவகாரம் தெரியும். நேரோதான் என்று அடித்துச் சொல்லாதவர்களும் உண்டு. ஆனால் ரேஷன் மெஷின் இல்லை என்பது நிச்சயம்.

அந்த ஏழு ஊரில் அதிகாரம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பெர்கமுவில் கிறிஸ்துவுக்கு முன் 29-லேயே அகஸ்துவுக்குக் கோயில் கட்ட அனுமதி வாங்கியிருந்தார்கள். "சாத்தானுடைய சிங்காசனம்" உன் ஊரில் இருக்கிறது என்று ஆண்டவர் அந்தச் சபைக்குச் சொல்வது அந்தக் கோயிலையோ, இப்போது பெர்லின் மியூசியத்தில் இருக்கிற அந்தப் பெரிய பலிபீடத்தையோ, அல்லது ரோம ஆட்சியின் அந்த மொத்தக் கெடுபிடியையுமோ என்று பல கருத்து. கொஞ்ச காலம் கழித்து, 112 வாக்கில், பக்கத்து மாகாணத்து ஆளுநர் பிளினி, ராயன் (ரோமப் பேரரசர்) திராயானுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவன் என்று குற்றம் சாட்டப்பட்டு, நான் அப்படியில்லை என்று மறுக்கிறவன், ராயனுடைய சிலைக்குச் சாம்பிராணியும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன், செய்யாமல் பிடிவாதம் பிடிக்கிறவனைக் கொல்கிறேன், இது சரிதானா என்று கேட்கிறார். கொஞ்சம் சாம்பிராணிதான். போட்டால் உயிர். போடாமல் இருந்தவர்கள் படிக்க எழுதின புத்தகம் ஐயா இது. எழுதினவனும் பத்மு தீவில் கிடந்தவன். அந்த அதிகாரத்துக்கு முன்னால் அவன் எழுப்புகிற எதிர் அதிகாரம் எது? இன்னும் பெரிய சேனையா? அதே ரோம ஆட்சியின் கையால் கொல்லப்பட்ட ஒருவர், சிங்காசனத்தின் நடுவில் நிற்கிறார் என்பதுதான். ரோமாபுரி யாரை அடித்ததோ அவர்தான் பாத்திரவான். படிக்கிறவனுக்குச் சிலிர்த்திருக்கும்.

பெர்கமுவில் அந்திப்பா என்று ஒருவன் கொல்லப்பட்டான். அவனைப் பற்றி வேறு ஒன்றும் வசனத்தில் இல்லை. "உண்மையுள்ள சாட்சி" என்று ஒரு பட்டம் மட்டும் அவனுக்கு. முதல் அதிகாரத்தில் அது கிறிஸ்துவின் பட்டம். தம்முடைய பட்டத்தை எடுத்து அப்படியே அவனுக்குச் சூட்டிவிட்டார்.

இப்போது இரத்தம். எங்கள் வீட்டு நிலையிலும் ஷேர் ஆட்டோ முதுகிலும் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஸ்டிக்கர் இருக்கிறது. நல்ல வார்த்தைதான், நானும் சொல்லித்தான் வளர்ந்தேன். அது எங்கிருந்து வருகிறது? பன்னிரண்டாம் அதிகாரம் பதினொன்றாம் வசனம், ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும் அவனை ஜெயித்தார்கள். ஆனால் அதே வசனத்தில் "தங்கள் ஜீவனையும் பாராமல்" என்று ஒரு துண்டு இருக்கிறதே, அது எந்த ஸ்டிக்கரிலும் ஏறுவதில்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டால் இரத்தம் என்பது விபத்து வராமல் இருக்க, கடன் தீர, பக்கத்து வீட்டுக்காரன் வாய் அடைய நாம் தெளித்துக்கொள்கிற ஒன்றாகிவிடுகிறது. 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொராவியச் சகோதரர்கள் என்ற மிஷனரிச் சபையாருடைய முத்திரையில் கொடி பிடித்த ஆட்டுக்குட்டி இருக்கும், சுற்றிலும் லத்தீனில் எழுத்து: நம்முடைய ஆட்டுக்குட்டி ஜெயித்தது, அவரைப் பின்பற்றுவோம். ஜெயித்தது, ஆகவே எனக்கு ஆசீர்வாதம் என்று அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. பின்பற்றுவோம் என்றுதான்.

நீங்கள் பலியைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, நிறையவே பேசுகிறீர்கள். ஆனால் பலி எப்போதும் நாற்காலிப் பக்கத்திலிருந்து மேடைக்குப் போகிறது. அதிகாரம் மேடையிலிருந்து நாற்காலிப் பக்கம் வருகிறது. "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்கிற வசனம் காவலுக்கு நிற்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் பலியானவரும் அதிகாரம் உள்ளவரும் ஒரே ஆள். கொடுத்தவர் கையில்தான் சுருள். அம்மாவின் வளையலைக் கேட்க ஆட்டுக்குட்டியின் காயத்தை எடுத்துக் காட்டினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பலியையும் அதிகாரத்தையும் பிரிக்கிற இந்தப் பிரிவினை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை, கொஞ்சம் தூரத்துக் கதை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேக்கோ பக்கத்தில் டேவிட் கோரேஷ் என்று ஒருவர். ஐந்தாம் அதிகாரத்துக் கேள்வியை எடுத்துக்கொண்டார், ஏழு முத்திரையைத் திறக்கப் பாத்திரவான் யார்? நான்தான் என்றார். நான்தான் அந்த ஆட்டுக்குட்டி. அப்புறம் வழக்கமான பாதைதான், கூட்டத்தில் உள்ள மற்றவர்களின் மனைவிமாரும் தனக்கே உரியவர்கள் என்றார், ஆயுதம் சேர்த்தார். 1993 பிப்ரவரி 28-ம் தேதி அரசாங்க ஆட்கள் சோதனைக்குப் போக, இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டு ஆள் செத்தார்கள். 51 நாள் முற்றுகை. ஏழு முத்திரைகளுக்கும் விளக்கம் எழுதி முடித்ததும் வெளியே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். முதல் முத்திரைக்குத்தான் எழுதி முடித்திருந்தார். ஏப்ரல் 19-ம் தேதி கட்டிடம் தீப்பிடித்து அவரும் பிள்ளைகளும் உட்பட 76 பேர் செத்தார்கள். அரசாங்கத்தின் தவறும் அதில் உண்டு, அது தனிக்கதை. தன்னை ஆட்டுக்குட்டி என்றவருக்காகப் பிள்ளைகள் பலியானார்கள், அதை மட்டும் பாருங்கள். நீங்கள் அவரைப் போல என்று நான் சொல்லவில்லை, உங்களில் யாரும் துப்பாக்கி வைத்திருக்கிற ஆள் இல்லை. "முத்திரைகளின் இரகசியத்தை ஆண்டவர் எனக்குத் திறந்துகொடுத்தார்" என்று மேடையில் தொடங்குகிறீர்களே, அந்த முதல் வாக்கியம் ஒன்றுதான்.

ஆண்டவருடைய வருகைக்குத் தேதி சொன்னவர்களைப் பற்றி நீட்டவில்லை. அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22 ராத்திரி முழுக்க விழித்திருந்து விடிந்ததும் அழுதார்கள். நமக்குப் பக்கத்திலேயே திருவிதாங்கூரில் யுஸ்து யோசேப்பு 1881 என்றார். அவருடைய பாட்டுகள் நல்ல பாட்டுகள், இன்றும் மலையாளச் சபைகளில் பாடுகிறார்கள். கணக்கை யாரும் பாடுவதில்லை.

அதிகாரத்தைப் பற்றி இதே புத்தகத்தில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படாமலே போகிறது. யோவான் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறான்? உபத்திரவத்தில் உங்கள் "உடன்பங்காளன்". கடைசியில் தூதன் காலில் அவன் விழப்போகும்போது, ஒருமுறை அல்ல இரண்டு முறை, தூதன் தடுக்கிறான், செய்யாதே, நானும் உன்னோடு ஊழியக்காரன்தான். மூப்பர்கள் கிரீடம் வாங்கியதும் கழற்றி சிங்காசனத்துக்கு முன் வைக்கிறார்கள். புத்தகம் முழுக்க ஆளாளுக்குப் பட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் போஸ்டரில் ஒரே பெயருக்கு முன்னால் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி, டாக்டர், மூன்றும் போட்டு, கோட் சூட் போட்டோவின் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு ஆட்டுக்குட்டி. எங்கள் பஸ் ஸ்டாப் சுவரில் இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் மூன்று நாள் கூட்டமாம். முதல் ராத்திரி ஐந்தாம் அதிகாரத்தை, பதினாலே வசனம்தான், யாராவது ஒரு பிள்ளையை விட்டு நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள், கீபோர்டு இல்லாமல். ஏழாம் அதிகாரத்துக் கடைசி இரண்டு வசனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்குட்டியே மேய்ப்பனாகி, தாகம் பசி எடுக்காமல் நடத்துகிற அந்த இடம். எங்கள் ஊரில் ஆடு மேய்த்தவர்கள் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள், ஆடு ஆளை மேய்க்கிறது என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். பதினான்காம் அதிகாரத்து முதல் வசனத்தையும் சொல்லுங்கள், நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டவர்கள் அங்கே நிற்கிறார்கள், அதாவது நல்ல முத்திரை ஒன்றும் இருக்கிறது, அது ஏற்கெனவே போட்டாயிற்று என்று. அதற்கப்புறம் நீங்கள் மிருகத்தைப் பற்றி இரண்டு ராத்திரி பேசினாலும் பேசுங்கள்.

அம்மா வருவாள், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள். மேடைக்கு இடது பக்கம், ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தள்ளி மூன்றாவது வரிசையில், ஒற்றை வளையலோடு உட்கார்ந்திருப்பாள். கவர் கொண்டுவருகிற பிள்ளைகளிடம் அந்த வரிசையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.